விளையாட்டு நடுவில் நின்றால் பிள்ளையை ஏசாதீர்கள்



இம்முறை கணனி விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். விளையாட்டுக்கும் ஒரு பக்கம் வேண்டுமா என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. நம்மவர் வீடுகள் பலவற்றில் கணனி ஒன்றுதான். அதுவும் கைமாறி வந்த பழையது. பிள்ளைகளின் பாடமும் அதில்தான், உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதும் அதில்தான், விளையாட்டும் அதில்தான். விளையாடிக்கொண்டிருக்கும்போது படம் உறைந்து நிற்கிறது, அல்லது விளையாட்டு தானாக மூடிக்கொள்கிறது. உடனே வீட்டில் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, "நீ எதையோ நோண்டிப் பழுதாக்கிப்போட்டாய்" என்று பிள்ளைக்கு ஏச்சு. மற்றது, கடைக்குக் கொண்டுபோனால் "கிராபிக்ஸ் காட் போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்று ஒரு பெரிய தொகை. பல தடவைகளில் இந்த இரண்டுக்குமே தேவை இருப்பதில்லை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். கடிதம் அடிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் கணனி தன் பலத்தில் கொஞ்சத்தைத்தான் பாவிக்கிறது. விளையாட்டு ஓடும்போது புரொசசர், கிராபிக்ஸ் காட், மெமறி, பவர் சப்ளை எல்லாம் ஒரே நேரத்தில் முழுப் பாரம் சுமக்கின்றன. சமதரையில் நன்றாக ஓடும் பழைய லொறி ஏற்றத்தில் திணறுவது போலத்தான் இது. ஏற்றம் லொறியைப் பழுதாக்கவில்லை. முன்பே இருந்த குறையைக் காட்டித் தருகிறது. விளையாட்டும் அப்படித்தான்.

கணனி சொல்லும் செய்தியைக்கூட அப்படியே நம்பிவிட முடியாது. இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம் தலைமுறைப் புரொசசர்கள் 2022 ஒக்டோபரிலும், 14ஆம் தலைமுறை 2023 ஒக்டோபரிலும் விற்பனைக்கு வந்தன. ஐ-9 போன்ற விலை கூடிய புரொசசர்கள் போட்டவர்களுக்கு விளையாட்டுகள் நடுவில் நின்றன. திரையில் வந்த செய்தியோ "வீடியோ மெமறி போதவில்லை" என்பது. அதைப் படித்த எவரும் கிராபிக்ஸ் காட்டைத்தானே சந்தேகிப்பார்கள்? ஆனால் குறை அங்கே இருக்கவில்லை. தேவைக்கு மேற்பட்ட வோல்ட்டேஜ் புரொசசருக்குப் போனதே காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல்லே அறிவித்தது. புரொசசர் எவ்வளவு மின் அழுத்தம் கேட்க வேண்டும் என்று சொல்லும் உள்ளே இருக்கும் கட்டளைகளில் பிழை இருந்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில் அதற்குத் திருத்தம் வந்தது. உத்தரவாதக் காலத்தையும் இன்டெல் இரண்டு ஆண்டுகள் கூட்டியது. ஆனாலும் திருத்தம் மேலும் பழுதாவதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே பழுதான புரொசசரைச் சுகப்படுத்தாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே காரணம் கண்டுபிடிக்க மாதக்கணக்கு எடுத்தது. பத்து வயதுப் பிள்ளையை ஒரு நிமிடத்தில் குற்றவாளி ஆக்குவது எப்படி நியாயம்?

சரி, நாம் என்ன செய்யலாம்? தொழிற்சாலையில் மோட்டார் அடிக்கடி நின்றால் முதலில் அதைக் கழற்ற மாட்டார்கள். எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று எழுதுவார்கள். அதே முறைதான் இங்கும். ஒரு கொப்பி எடுங்கள். நாள், நேரம், தொடங்கி எத்தனை நிமிடத்தில் நின்றது, திரையில் என்ன வந்தது என்று எழுதுங்கள். இந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். நிற்கும் விதம் மூன்று வகை.

1. விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு, கணனி வழமைபோல இருப்பது. பெரும்பாலும் விளையாட்டின் கோப்புகளிலோ கிராபிக்ஸ் டிரைவரிலோ குறை. மெமறியும் காரணமாகலாம்.

2. நீலத் திரை வந்து கணனி மறுபடி தொடங்குவது. டிரைவர், மெமறி, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

3. எந்தச் செய்தியும் இல்லாமல், வயரைப் பிடுங்கியது போலக் கணனி அணைந்துவிடுவது. சூட்டையும் பவர் சப்ளையையும் முதலில் சந்தேகியுங்கள்.

எழுதி வைக்க மறந்தாலும் விண்டோஸ் தானே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தேடும் பெட்டியில் "ரிலயபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் அடித்தால் நாட்காட்டி போல ஒரு பக்கம் வரும். சிவப்பு அடையாளம் இருக்கும் நாளை அழுத்தினால் அன்று எது நின்றது என்று தெரியும்.

அஜ்மானில் முதல் சந்தேகம் சூடும் தூசியும். இங்கே கோடையில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை வெளி வேலை செய்விக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மனிதருக்கு ஓய்வு உண்டு, கணனிக்கு இல்லை. ஏசி இல்லாத அறையில், சுவரோடு ஒட்டி, மேசைக்குக் கீழே அடைத்து வைத்தால் அது எங்கே மூச்சுவிடும்? பல புரொசசர்கள் 100 பாகை செல்சியஸை எட்டும்போது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அது பழுதல்ல, காவல்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். கணனிப் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, முன்னால் மேசை விசிறி ஒன்றை ஓட விட்டு விளையாடச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் கை வைக்காதபடி பக்கத்தில் ஒருவர் இருங்கள். பத்து நிமிடத்தில் நின்றது இப்போது ஒரு மணி நேரம் ஓடினால் வியாதி பிடிபட்டுவிட்டது. பிறகு கணனியை அணைத்து, வயரைக் கழற்றிவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசியை எடுங்கள். விசிறி இதழைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

அடுத்தது மின்சாரம். ஒரே எக்ஸ்ரென்சன் வயரில் குளிர்சாதனப் பெட்டி, இஸ்திரிப்பெட்டி, கணனி எல்லாம் கோத்திருந்தால் கணனியை மட்டும் கழற்றி நேரே சுவர்ப் பிளக்கில் போட்டுப் பாருங்கள். சில பழைய பவர் சப்ளைகளின் பின்புறம் 115, 230 என்று சிறிய சிவப்பு ஆளி இருக்கும். இங்கே அது 230இல் இருக்க வேண்டும். வேறு நாட்டிலிருந்து வந்த கணனியானால் முதன்முதல் பிளக்கில் போடுமுன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

மூன்றாவது, விளையாட்டும் டிரைவரும். இங்கே டிரைவர் என்றால் வாகனம் ஓட்டுபவர் அல்ல. கிராபிக்ஸ் காட்டையும் விண்டோசையும் பேச வைக்கும் மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் அதை எடுங்கள். ஸ்டீமில் வாங்கிய விளையாட்டானால், அதன் கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வசதி அங்கேயே இருக்கிறது. கெட்டுப்போன கோப்பை மட்டும் அது மறுபடி இறக்கிக்கொள்ளும். காசு செலவில்லை. நண்பர் பென் டிரைவில் தந்த பூட்டுடைத்த பிரதியானால், நடுவில் நிற்பது சின்னக் கவலை. அதோடு வைரஸ் வந்து, வங்கி விவரமும் குடும்பப் படங்களும் போவதுதான் பெரிய கவலை.

நான்காவது, மெமறி. விண்டோசிலேயே மெமறியைச் சோதிக்கும் வசதி உண்டு. இரண்டு மெமறிப் பலகைகள் இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒன்றைக் கழற்றி மற்றதோடு மட்டும் விளையாடிப் பாருங்கள். பிறகு மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒன்றோடு நின்று மற்றதோடு நிற்காவிட்டால் எது பழுது என்று தெரிந்துவிடும். கழற்றிச் சரியாக அழுத்திப் போட்டதோடு சுகமான கணனிகளும் உண்டு.

இவ்வளவிலும் ஒரு கட்டுப்பாடு முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் கொப்பியில் எழுதுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது. அடுத்த முறை பழுது வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்குப் பிறகும் நின்றால் கடைக்குப் போகலாம். ஆனால் கொப்பியோடு போங்கள். "சூடு பார்த்தாயிற்று, மெமறி மாற்றிப் பார்த்தாயிற்று, இப்படித்தான் நிற்கிறது" என்று சொல்பவரிடம் கண்டபடி விலை சொல்வது கடினம். புதிய காட் போட வேண்டும் என்றால், வேறொரு காட்டைத் தற்காலிகமாகப் போட்டு உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

இனிப் பழைய கணனி வாங்க இருப்பவர்களுக்கு ஒரு சொல். 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் ஐ-7, ஐ-9 போட்ட மேசைக் கணனிகள் பழைய சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. மலிவாக இருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். 2024இல் வந்த திருத்தம் பயாசில் ஏற்றப்பட்டிருக்கிறதா, உத்தரவாதம் மீதி இருக்கிறதா, முதல் வாங்கிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடையிலேயே அரை மணி நேரமாவது ஒரு கனமான விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்த இதழில், பாடசாலை வேலைக்குப் பழைய மடிக்கணனி வாங்கும்போது அதன் பற்றரியைச் சோதிப்பது எப்படி என்று பார்ப்போம். உங்கள் கேள்விகளை ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள். பிள்ளைகள் எழுதினால் இன்னும் சந்தோசம்.