வெள்ளிச் சிறகு யாருக்கு?

"எதிர்வீட்டுக் குழந்தைக்கு வெள்ளிச் சிறகு வந்துவிட்டதாம். நம் பெண் இன்னும் மென்சிறகிலேயே நிற்கிறாள். அந்த மிஸ்ஸைப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் என்ன?"

மயிலாப்பூர், தியாகராய நகர் பக்கத்துப் பள்ளிக்கூட வாசல்களில் காத்து நிற்கும் தாய்மார்களுக்கு இப்படியும் ஒரு கவலை உண்டு. சகோதரிகளே, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன் இந்தச் சிறகு என்ன சமாசாரம் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோமே!

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ஐந்து வயது முதல் பத்து வயது வரை உள்ள ஆண் குழந்தைகள் குருளையர். பெண் குழந்தைகள் நீலப் பறவையர். வடக்கே இவர்களைப் புல்புல் என்கிறார்கள். புல்புல் என்றால் சிறகு இல்லாமலா? மென்சிறகு, வெள்ளிச் சிறகு, பொற்சிறகு, வைரச் சிறகு என்று வரிசையாக முளைக்கும். பையன்களுக்குச் சிறகு இல்லை. முதல் படி, இரண்டாம் படி என்று நான்கு படிகள். கேட்டால் நகைக்கடை விளம்பரம் மாதிரிதான் இருக்கிறது. நம் வீடுகளில் அதை மார்க்குப் பட்டியலாகவே படித்துவிடுகிறோம்.

இதன் மூலத்தைப் பார்த்தால் விஷயம் வேறு. பேடன் பவல் 1916-ல் சின்னப் பையன்களுக்கென்று ஓநாய்க் குட்டிப் படையை ஏற்படுத்தினார். கிப்ளிங் எழுதிய காட்டுக் கதைகளிலிருந்து மௌக்லியையும் கிழ ஓநாய் அகேலாவையும் கடன் வாங்கிக்கொண்டார். ஓநாய்க் குட்டி பிறக்கும்போது கண் மூடியிருக்கும் அல்லவா? ஆகவே முதல் கட்டச் சோதனையில் தேறினால் குல்லாயில் ஒரு நட்சத்திரம். ஒரு கண் திறந்தது என்று அர்த்தம். அடுத்ததில் தேறினால் இன்னொரு நட்சத்திரம். இரண்டு கண்ணும் திறந்தன. ஒரு குட்டி கண் திறப்பதில் பக்கத்துக் குட்டிக்கு என்ன நஷ்டம்? இந்தப் படையில் முதல் ராங்க் என்று ஒன்று கிடையாது. எல்லாரும் வைரச் சிறகு வாங்கலாம். அவரவர் நாளில் வாங்கலாம்.

அதே 1916-ல் நம் அடையாற்றில் ஒரு காரியம் நடந்தது. இந்தியாவில் 1909-லேயே சாரணர் படை வந்துவிட்டது. ஆனால் வெள்ளைக்காரப் பையன்களுக்கும் ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கும் மட்டுந்தான். நம் பிள்ளைகளுக்கு வாசலே திறக்கவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் அருண்டேலைத் துணை வைத்துக்கொண்டு, இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கத்தை ஆரம்பித்தார். தலையில் தலைப்பாகை, வாயில் நம் நாட்டுப் பாட்டு! 1921-ல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது இந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு சேர்ந்துகொண்டது. அம்மையாருக்குக் கௌரவ கமிஷனர் பதவியும் கிடைத்தது. பிற்பாடு பிரிவும் உறவுமாகப் பல வருஷங்கள் ஓடி, 1950 நவம்பர் 7-ந் தேதிதான் பாரத சாரணர் இயக்கம் ஒன்றாக உருவாயிற்று. மறு வருஷம் சுதந்திர தினத்தன்று சாரணியரும் வந்து சேர்ந்தார்கள்.

சரி, சோதனை என்றால் என்ன சோதனை? அந்த நாள் ஓநாய்க் குட்டிகள் கடிகாரம் பார்த்து மணி சொல்ல வேண்டும். தலையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு விழாமல் நடக்க வேண்டும். நகமும் பல்லும் சுத்தமாக இருக்க வேண்டும். ரீஃப் முடிச்சுப் போட வேண்டும். இன்று நம் குழந்தைகளுக்கும் ஏறக்குறைய இந்த ஜாதிதான்: கொடி, தேசிய கீதம், முடிச்சு, சுத்தம். ரீஃப் முடிச்சு தப்பிப் போனால் வரும் நழுவல் முடிச்சுக்கு இங்கிலீஷ்காரர்கள் 'பாட்டி முடிச்சு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பாட்டிகள் பூத்தொடுப்பதை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது!

இதெல்லாம் வீட்டிலே பழக வேண்டியவை. அங்கேதான் தாயார் குறுக்கே வந்து நிற்கிறாள். குழந்தை ஷூ லேஸோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினால் நமக்குப் பொறுக்கிறதா? "கொடு இப்படி" என்று பிடுங்கிக் கட்டிவிடுகிறோம். ஒட்டுப் புத்தகத்தில் இலை ஒட்டுவது அம்மா. படத்துக்கு வர்ணம் தீட்டுவது அப்பா. சிறகு மட்டும் குழந்தைக்கு! இயன்றவரை முயல வேண்டும் என்பதுதான் குருளையர் நீலப் பறவையர் இருவருக்கும் சொல்லிக்கொடுக்கும் வாக்கு. முயல விட்டால்தானே இயலும்?

தினம் ஒரு நல்ல காரியம் செய்வதாகவும் குழந்தை உறுதி எடுத்துக்கொள்கிறது. மறக்காமல் இருக்கக் கழுத்துத் துணியின் நுனியில் முடிச்சுப் போட்டுக்கொள்ளச் சொன்னார் பேடன் பவல். முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளும் நமக்கு இது புதுசா என்ன? தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்தால் போதும், அன்றைய முடிச்சு அவிழ்ந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கைப்பேசியை நீட்டி, "இன்னொரு தடவை கொடுடா கண்ணா, படம் சரியாக விழவில்லை" என்று சொல்லாதிருந்தால் புண்ணியம் உண்டு.

மிஸ்ஸைப் பார்க்கத்தானே கிளம்பினீர்கள்? போய் வாருங்கள். "எப்போது சிறகு கொடுப்பீர்கள்?" என்று கேட்க வேண்டாம், "எந்தச் சோதனை பாக்கி?" என்று மட்டும் கேளுங்கள். முடிச்சு என்று சொன்னால், வீட்டுக்கு வந்ததும் ஒரு முழம் சணல் கயிற்றை எடுத்துக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் அடுக்களைக்குப் போய் உங்கள் வேலையைப் பாருங்கள்.