கங்காணி போனார், தகவல் வந்ததா?



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பத்தாண்டுகளுக்கு முன் உங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துச் சென்ற மாணவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? எத்தனை பேர் எஸ்.பி.எம். தேர்வுவரை போனார்கள்? எத்தனை பேர் கைத்தொழில் கற்றார்கள்? கற்ற தொழிலையே செய்கிறவர்கள் எத்தனை பேர்? மாதம் என்ன ஈட்டுகிறார்கள்?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் எத்தனை மாணவர் எத்தனை 'ஏ' பெற்றனர் என்று பள்ளிவாசலில் பதாகை கட்டினோம். 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டபோது பதாகையும் இறங்கியது. அதற்குப் பிந்திய வாழ்க்கையை எண்ணிக் கணக்கிடும் பழக்கம் நமக்கு எப்போதுமே இருந்ததில்லை. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். அங்கிருந்து புறப்பட்டவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதைதான் சொல்கிறோம். கதைகளை வைத்துக்கொண்டு கொள்கை வகுக்க இயலாது என்பதே என் கருத்து.

நிற்க. இது புதிய நோயன்று. நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த கதையே தகவல் இல்லாதவரின் கதைதான். தோட்டத்துரை கங்காணியைத் தமிழ்நாட்டில் உள்ள அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பி ஆள் பிடித்துவரச் செய்தார். ஊரில் இருந்தவருக்கு மலாயாவைப் பற்றிக் கிடைத்த ஒரே செய்தி கங்காணி வாயால் வந்த செய்தி. கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணி, காய்ச்சல் எப்படி என்பனவெல்லாம் அவர் சொன்னதுதான். அழைத்து வந்த ஆள் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தகவல் தருபவருக்கே ஆதாயம் என்றால் தகவல் எப்படியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தபோதுதான் அந்த முறை முடிவுக்கு வந்தது.

மூன்றாண்டுகள் கழித்து, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது தொழிலாளரின் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. அதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் வேலை செய்பவன் எவ்வளவு வாங்குகிறான் என்று தெரிந்தால்தானே அதைக் கேட்க முடியும்? அந்தப் போராட்டம் படையினரின் துப்பாக்கியால் அடக்கப்பட்டது, உயிர்கள் போயின. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் கையில் இருந்ததால்தான் அவர்களால் அன்று வாய் திறக்க முடிந்தது என்று நான் கருதுகிறேன்.

இன்று எண்களுக்குப் பஞ்சமில்லை. தொழிலாளர் சந்தையைப் பற்றி இந்நாட்டில் இணையத்தில் கிடைக்கும் தகவல் நம்மில் பலர் நினைப்பதைவிட மிகுதி. புள்ளிவிவரத் துறையின் 'ஓப்பன் டோசம்' தளம் 2022இல் தொடங்கப்பட்டது. வேலையில்லாதோர் விகிதத்தை மாதந்தோறும் அங்கே காணலாம். மாவட்ட அளவிலும் ஆண்டுக் கணக்குகள் வெளிவந்துள்ளன. சொக்சோ நடத்தும் 'மைஃபியூச்சர்ஜாப்ஸ்' 2020 முதல் நாட்டின் வேலைவாய்ப்புத் தளமாக இயங்குகிறது. 'டேலண்ட்கார்ப்' நிறுவனம், நாட்டில் ஆள் கிடைக்காத முக்கியத் தொழில்களின் பட்டியலை 2015 தொடங்கி வெளியிட்டு வருகிறது. அப்பட்டியல் வெறும் புள்ளிவிவரத்தை மட்டும் நம்புவதில்லை. முதலாளிகளிடமே கருத்துக் கேட்டு இரண்டையும் ஒப்பிட்டுத் தயாரிக்கப்படுகிறது. 2019இல் உலக வங்கி இதைப் பிற நாடுகளுக்குப் பாடமாகக் காட்டி ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆகவே அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று குறை கூறுவது நேர்மையன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. இத்தளங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும், அதுவும் ஆய்வாளருக்கும் அதிகாரிக்கும் புரியும் நடையில், அமைந்துள்ளன. தெங்கு கிளானா சாலையில் துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் ஒரு தாய், தன் மகன் குளிர்சாதனப் பழுதுபார்ப்புப் படிக்கலாமா, கணக்கியல் படிக்கலாமா என்று அறிந்துகொள்ள அவற்றைத் திறக்கப் போவதில்லை. அவருக்குத் தகவல் தருபவர் யார்? எஸ்.பி.எம். முடிவு வெளியானதும் வீடு தேடி வரும் கல்லூரி முகவர். சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் அவருக்குப் பணம் கிடைக்கிறது. கங்காணியின் தலைக்காசு நினைவுக்கு வரவில்லையா?

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அப்படித்தான் ஒரு தனியார் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். 'வேலை உறுதி' என்றார்களாம். பெற்றோர் நகையை அடகு வைத்துப் பதிவுக் கட்டணம் கட்டினர்; மீதிக்குக் கல்விக் கடன். பட்டயம் வந்தது, அத்துறையில் வேலை வரவில்லை. இன்று கிள்ளான் துறைமுகப் பகுதியில் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நல்ல சம்பளம்தான். ஆனால் அந்த வேலைக்கு அந்தப் பட்டயமும் தேவையில்லை, அந்தக் கடனும் தேவையில்லை. படித்த படிப்புக்குக் கீழான வேலையில் இருக்கும் உயர்கல்வி பெற்றோர் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்று புள்ளிவிவரத் துறையே சொல்கிறது. அப்பெரிய எண்ணில் இவர் ஒருவர்.

சரி, தனிமனிதர் முடிவை விடுங்கள். கொள்கை முடிவுக்கு வருவோம். முடிதிருத்தகம், நகைத்தொழில், துணிக்கடை ஆகிய மூன்று துறைகளையும் நாமறிவோம். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நம்மவர் கடைகள்தான் இவற்றில் ஏராளம். இத்துறைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளரைத் தருவிப்பது 2009இல் நிறுத்தப்பட்டது. உரிமையாளர் சங்கங்கள் பல்லாண்டுகள் போராடின. கடைசியில் 2023இல் 7,500 பேரைத் தருவிக்க அரசு அனுமதி அளித்தது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளும் ஒரே வாதம். 'உள்ளூர் இளைஞர் வருவதில்லை' என்றனர் முதலாளிகள். 'அந்தச் சம்பளத்துக்கு யார் வருவார்?' என்றனர் இளைஞர்கள். இருவரும் உண்மை பேசியிருக்கலாம். ஆனால் அந்த வாதம் முழுவதிலும் சில எளிய எண்களை எவரும் மக்கள்முன் வைத்து நான் கண்டதில்லை. ஒரு முடிதிருத்துநருக்கு எவ்வளவு சம்பளம் தர முன்வந்தனர்? எத்தனை பேர் விண்ணப்பித்தனர்? எத்தனை பேர் மூன்று மாதத்தில் விலகினர், ஏன்? ஓர் இளைஞர் முடிதிருத்தக் கற்க எத்தனை மாதம் ஆகும், அதைக் கற்பிக்கும் நிலையங்கள் எத்தனை? இவை தெரிந்திருந்தால், ஆள் தருவிப்பதா, சம்பளம் உயர்த்துவதா, பயிற்சி தருவதா என்ற முடிவைப் பத்தாண்டுகளுக்கு முன்பே எடுத்திருக்கலாம். அதுவரை மூடப்பட்ட கடைகளும் நம்முடையவை, வேலையற்றிருந்த பிள்ளைகளும் நம்முடையவர்கள்.

இணையத் தளத்தில் வரும் விளம்பரங்களை எண்ணினால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. வெளிநாட்டுப் பணியாளரை எடுக்க விரும்பும் முதலாளி முதலில் 'மைஃபியூச்சர்ஜாப்ஸ்' தளத்தில் விளம்பரம் செய்தாக வேண்டும் என்பது 2021 முதல் விதி. ஆகவே அங்கே தோன்றும் சில விளம்பரங்கள் உள்ளூர் ஆளைத் தேடுபவை அல்ல, விதியை நிறைவேற்றுபவை. மறுபக்கம், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக் கதவில் அட்டையில் எழுதித் தொங்கும் 'ஆள் தேவை' எந்தக் கணினியிலும் ஏறுவதில்லை. விளம்பரங்களை எண்ணுபவர் ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் குறைத்தும் எண்ணுகிறார்.

இன்னொன்று, வாட்சாப்பில் சுற்றும் வேலை விளம்பரங்கள். நிறுவனத்தின் பெயர் இராது, முகவரி இராது, சம்பளம் மட்டும் கண்ணைப் பறிக்கும். 2022இல் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் இத்தகைய விளம்பரங்களை நம்பிச் சென்ற மலேசிய இளைஞர்கள் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு, மீட்கப்பட்டு வந்ததை நாளேடுகளில் படித்தோம். நம்பத்தக்க தகவல் கைக்கெட்டாத இடத்தில் பொய்த் தகவல் வந்து குந்திக்கொள்கிறது. படிவம் 4, 5 மாணவர்களின் பெற்றோர் இதை வீட்டில் பேசியே ஆகவேண்டும்.

இனி என் கோரிக்கை. மலேசியத் திறன் சான்றிதழை வழங்குவது திறன் மேம்பாட்டுத் துறை. தொழிலாளியின் பெயரில் ஒவ்வொரு மாதமும் சந்தா பெறுவது சொக்சோ. அவர் எந்த நிறுவனத்தில் இருக்கிறார், என்ன சம்பளம் என்பது அங்கே பதிவாகிறது. இரண்டும் ஒரே மனிதவள அமைச்சின் கீழ்தான் உள்ளன. இவ்விரண்டு பதிவேடுகளையும், பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துவிட்டு, இணைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்? கிள்ளானில் இன்ன நிலையத்தில் மின்கம்பியிணைப்புத் தொழிலில் மூன்றாம் நிலைச் சான்றிதழ் பெற்றவர்களில் ஓராண்டில் இத்தனை பேர் வேலையில் உள்ளனர், அவர்களின் நடுநிலைச் சம்பளம் இவ்வளவு, குறைந்தபட்ச ஊதியமான 1,700 வெள்ளிக்கு மேல் இத்தனை பேர் பெறுகின்றனர் என்று ஒரு பக்கத்தில் சொல்லிவிடலாம். மத்திய அரசு அமைப்புகள் தமக்குள் தரவைப் பகிர்ந்துகொள்வதற்கான சட்டமும் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் இடம் தரவில்லை என்ற சாக்கு இனி எடுபடாது.

உயர்கல்வி அமைச்சு பட்டதாரிகளிடம் ஆண்டுதோறும் ஆய்வு நடத்துகிறதே என்பீர்கள். உண்மை. ஆனால் அது பட்டமளிப்பு விழாவை ஒட்டி மாணவரே நிரப்பும் படிவம். அன்றைய நிலை தெரியும். ஐந்தாண்டு கழித்து என்ன என்பது தெரியாது. சந்தாப் பதிவேட்டில் அது தெரியும். உணவு விநியோகம் செய்பவர், வாடகைக்கார் ஓட்டுபவர் எல்லாரும் இந்தப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை என்ற ஓட்டையும் உண்டு. 2025இல் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்டம் சரிவர நடைமுறைக்கு வந்தால் அந்த ஓட்டையும் ஓரளவு அடைபடும்.

இந்தியச் சமுதாயத்துக்கென 'மித்ரா' வழியாக ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி என்ற அளவில் ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டு வந்திருக்கிறது. பயிற்சித் திட்டம் நடந்து முடிந்ததும் பத்திரிகையில் என்ன வருகிறது? மாலை, மேடை, 'இத்தனை பேர் பயன்பெற்றனர்' என்ற வரி. பயன்பெற்றவர் என்பதன் பொருள் நாற்காலியில் அமர்ந்தவர் என்பதா, வேலை பெற்றவர் என்பதா? கேக் செய்யும் பயிற்சியும் தையற்பயிற்சியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றால் குடும்பம் நடத்தும் தாய்மார்களை அறிவேன். எந்தப் பயிற்சியில் செலவிட்ட வெள்ளி எத்தனை வெள்ளியாகத் திரும்பியது என்று தெரிந்தால், அடுத்த ஆண்டு எதற்கு நிதி கூட்டலாம், எதை நிறுத்தலாம் என்று தலைவர்கள் உறவு பாராமல் முடிவு செய்யலாம். ஒருவேளை அந்தக் காரணத்தினால்தான் அது தெரியாமலே இருக்கிறதோ என்னவோ!

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தைச் சிலர் எடுத்துக்காட்டுவர். மாணவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே வழிகாட்டும் முயற்சி என்ற அளவில் நாம் பார்த்துக் கற்கலாம். நமக்கு அவ்வளவு பெரிய திட்டம்கூடத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, எஸ்.பி.எம். முடிவு வருவதற்கு முன், கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தொழிலுக்கு என்ன சம்பளம், எங்கே கற்கலாம், என்ன செலவு என்று தமிழில் நான்கு பக்கம் எழுதிப் பள்ளிதோறும் அனுப்பினால் போதும். தகவல் ஏற்கெனவே இணையத்தில் உள்ளது. தமிழாக்கி எளிமைப்படுத்தும் ஆள்தான் தேவை. ஆசிரியர்களாகிய நமக்கு அது ஒரு வார வேலை.

கல்லூரி முகவர் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது பெற்றோர் மூன்று செய்திகளை எழுத்தில் கேளுங்கள்: சென்ற ஆண்டு இப்படிப்பை முடித்தவர் எத்தனை பேர், அவர்களில் இத்துறையிலேயே வேலையில் இருப்பவர் எத்தனை பேர், அவர்களின் தொடக்கச் சம்பளம் என்ன. எழுதித் தர மறுத்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஒப்புதலோடு ஒரு பதிவேட்டைத் தொடங்கியிருக்கிறோம். ஆறாம் ஆண்டை முடிக்கும் ஒவ்வொரு மாணவரின் பெற்றோரிடமும் இசைவு பெற்று, படிவம் 3 முடியும்போது ஒரு முறை, எஸ்.பி.எம். முடிந்து ஒரு முறை, இருபத்திரண்டு வயதில் ஒரு முறை தொலைபேசியில் விசாரிப்பது என்று முடிவு. பணி ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியைகள் அப்பொறுப்பை ஏற்றுள்ளனர். இதுவரை 41 குடும்பங்கள் இசைந்துள்ளன. உங்கள் பள்ளியிலும் தொடங்க விரும்பினால் படிவத்தின் மாதிரியை அனுப்பி வைக்கிறேன். ஒரே வடிவில் இருந்தால்தான் பின்னாளில் பள்ளிகளின் கணக்குகளை ஒன்றுசேர்க்க முடியும்.