ஓடைக்கு வழி விடு, ஏழையை விரட்டாதே!

புனேயில் பிழைக்க வந்த நம் மக்களுக்கு ஓடை என்றால் நாலா. நாலா என்றால் சாக்கடை. வாடகை குறைந்த இடத்தில்தானே நாம் குடியேற முடியும்? அந்த இடம் பெரும்பாலும் நாலாக் கரையாகவே இருக்கிறது. ஆகவே ஓடையைப் பற்றிப் பேசுவது நமக்குப் பொழுதுபோக்கு அல்ல.

2019 செப்டம்பர் 25 இரவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காத்ரஜ் மலைப்பக்கம் பெய்த மழை ஆம்பில் ஓடா வழியே இறங்கி, சஹகார் நகர், அரண்யேஷ்வர், தாண்டேகர் பாலம் என்று வழியெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தது. நகரிலும் சுற்றுப்புறத்திலும் 20 பேருக்கு மேல் மாண்டனர். பிறகு கிளம்பிய பேச்சு என்ன? குடிசைக்காரன் ஓடையை ஆக்கிரமித்தான் என்பதே!

நாம் கேட்கிறோம்: மலையை வெட்டியது யார்? 2013 ஜூனில் காத்ரஜ் சுரங்கப்பாதைக்கு அப்பால் சிந்தேவாடியில் மலைச்சரிவைச் சட்டவிரோதமாக வெட்டினார்கள். மழைநீர் போக வழியின்றி நெடுஞ்சாலையில் பாய்ந்தது. ஒரு தாயும் கைக்குழந்தையும் அடித்துச் செல்லப்பட்டனர். அங்கே எந்தக் குடிசை ஓடையை மறித்தது? மண்வெட்டி பிடித்தவன் கூலிக்காரனாக இருக்கலாம். வெட்டச் சொன்னவன் கூலிக்காரன் அல்ல.

புல்லும் புதரும் உள்ள மலை மழையைக் குடித்து மெல்ல மெல்ல விடும். வளைந்து ஓடும் ஓடையில், மரமும் நாணலும் நிற்கும் கரையில், தண்ணீரின் வேகம் அடங்கும். நானாசாகேப் பேஷ்வா காலத்தில் காத்ரஜில் ஏரி கட்டி, அந்த நீரை நிலத்தடிக் கால்வாயில் சனிவார் வாடா வரை கொண்டு வந்தார்கள். மலைத்தண்ணீரின் அருமை அன்றே தெரிந்திருக்கிறது. இன்றோ மலையை மொட்டையடித்து, ஓடைக்கு இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பி நேராக்குகிறார்கள். இதனால் வெள்ளம் குறையாது. கீழே இருப்பவன் தலையில் இன்னும் வேகமாக விழும்.

ரயில்வேயில் இருக்கும் நமக்கு இது புதிய பாடமா? பாலத்தூணில் அபாய மட்டம் பெயிண்டில் குறித்திருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்டால் வண்டி நிற்கும். பாலத்தின் ஒரு கண்ணை அடைத்துக் கடை கட்ட எந்த இன்ஜினீயரும் ஒப்ப மாட்டார். நகரத்து ஓடைக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?

2021 ஜூன் 24, கொரோனா காலம், மழைக்காலம். ஓடையின் போக்கை நேராக்கப் போகிறோம் என்று தாண்டேகர் பாலத்தருகே குடிசைகளை இடித்தார்கள். மக்கள் எதிர்த்து நின்றார்கள். அன்றே நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் முளா-முத்தா கரைகளை 44 கிலோமீட்டருக்கு அழகுபடுத்தும் திட்டத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஆற்றின் அகலம் சுருங்கும் என்று இவ்வூர்ச் சூழல் ஆர்வலர்கள் அப்போதே எச்சரித்தார்கள். 2024 ஜூலையில் சிம்மகட் சாலை ஏக்தா நகரியில் தண்ணீர் புகுந்தபோது மாடிவீட்டுக்காரரும் தவித்தார்.

சென்னையில் நம் உறவினருக்கு நடந்ததும் தெரியும். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரை மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அண்டை!

ஆபத்தான கரையில் நம்மவர் அப்படியே கிடக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. அதே வட்டாரத்தில், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கொடு. சாவி கைக்கு வந்தபின் இடி. பெரிய கட்டிடத்தின் மதிலையும் அதே டேப்பால் அள. சரிவில் புதுக் கட்டிடம் வேண்டாம். கரையில் மண்ணும் மரமும் வேண்டும்.

நம் வீட்டுக் குப்பைப் பையும் நாலாவில்தான் விழுகிறது. இதைச் சொன்னால் தாய்மார்கள் சிலர் கோபிப்பார்கள். வண்டி நுழையாத சந்தில் குப்பையை எங்கே கொட்டுவது என்று அவர்கள் கேட்பதும் நியாயமே. இரண்டையும் மனுவில் எழுதுவோம்.

இம்மாதக் கடைசி ஞாயிறு காலை 7 மணிக்கு பைரோபா நாலாவைப் பாலத்துக்குப் பாலம் நாமே அளக்கப் போகிறோம். பழைய நில வரைபடத்தோடு ஒப்பிட்டு வார்டு ஆபீசில் கொடுப்போம். மராத்தி எழுதத் தெரிந்த பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.