பின்னால் ஒட்டிய எழுத்து

கால் கிலோ வெண்டைக்காய் வாங்கும்போது நம் வீட்டுப் பெண்மணிகள் ஒவ்வொரு காயின் நுனியையும் ஒடித்துப் பார்க்கிறார்கள். அம்பத்தூரில் அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார். அதிலும் திருப்தி ஏற்படாமல் ஜோசியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார். அதே மனிதர், பிறர் ஓட்டிய டர்போ கார் ஒன்றுக்கு லட்சக் கணக்கில் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது மட்டும் எதைப் பார்க்கிறார்? அதன் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்க்கிறார். அத்தோடு பரீட்சை முடிந்துவிடுகிறது.

இந்த எழுத்து மோகத்தோடுதான் எனக்குச் சண்டை.

சண்டைக்கு நம் மேற்குப் புறநகரையே களமாக்கிக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் ஏமாந்தால் மன்னிக்கலாம். இங்கே பாடியில் 1960-களின் தொடக்கத்திலிருந்து வீல்ஸ் இந்தியாவில் சக்கரம் செய்கிறார்கள், பிரேக்ஸ் இந்தியாவில் பிரேக் செய்கிறார்கள், லூகாஸ் டி.வி.எஸ்.ஸில் மோட்டாருக்கு வேண்டிய மின்சாதனங்கள் செய்கிறார்கள். ஆவடியில் யுத்த டாங்கியே செய்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சந்துக்குச் சந்து லேத் ஓடுகிறது. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர்ச் சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998 முதல் ஹூண்டாய் கார்கள் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. பகலெல்லாம் மைக்ரான் கணக்கில் அளந்து, மயிரிழை பிசகினால் சாமானைத் தூக்கி எறிகிற ஜனங்கள், சாயங்காலம் பழைய கார் விற்கிற மைதானத்துக்குப் போனதும் கைவசமிருந்த சாஸ்திரத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். ஐ20 என் லைன் என்று பெயர். யாருடைய லைனோ என்று கேட்காதீர்கள். அது ஆங்கில எழுத்து. 2021 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. 120 குதிரைச் சக்தி. இதையா ஸ்போர்ட்ஸ் கார் என்கிறீர் என்று சில ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சுளிப்பு நியாயமே. வெளிநாட்டில் ஐ20 என் என்று வேறொரு கார் இருந்தது. 1.6 லிட்டர் டர்போ, 204 குதிரைச் சக்தி. அது நம் நாட்டு ஷோரூமுக்கு வரவே இல்லை. நமக்கு வந்தது பெயரின் வால்தான். ஆனாலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் சம்பளக்கார இளைஞன் ஒருவனுக்கு எட்டக்கூடிய வேகக் கார் இது போன்றதுதானே! அவன் ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆசையைக் காசாக்குகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவன், பூந்தமல்லிச் சாலைப் பக்கம் அப்படி ஒரு காரைப் பார்க்கப் போனான். துணைக்குத் தாய்மாமன், பிரேக் தொழிலிலேயே தலை நரைத்தவர். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். கார் பளபளவென்று நின்றது. முன்னும் பின்னும் அந்த 'என்' எழுத்து. சிவப்புக் கோடுகள். இரட்டைக் குழல்.

“தம்பி, இது டாப் எண்ட். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்” என்றார் தரகர்.

பையன் ஏறக்குறைய மூடியே விட்டான். மாமன் மட்டும் காரின் பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, கம்பிகளின் இடுக்கு வழியே உள்ளே பார்த்தார்.

“டேய் மாப்ளே, இதிலே டிரம் இல்லேடா இருக்கு!”

விஷயம் இதுதான். என் லைனுக்குத் தொழிற்சாலையிலேயே நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். சாதாரண ஐ20-க்குப் பின் சக்கரத்தில் டிரம். சாதாரணக் காரை வாங்கி, பம்பரை மாற்றி, எழுத்தை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். தரகர் அசரவில்லை.

“எல்லாம் ஒண்ணுதான் பெரியவரே. பிரேக் பிடிக்குதா இல்லையா, அதைப் பாருங்க” என்றார்.

எல்லாம் ஒன்றுதானாம்! ஒன்றுதான் என்றால், விலையில் மட்டும் ஏன் வித்தியாசம்? 2020 நவம்பரில் வந்த சாதாரண ஐ20-இல் டர்போவும் உண்டு, டர்போ இல்லாத 1.2 லிட்டரும் உண்டு. பின்னதற்கு 83 குதிரைச் சக்திதான், கியரை நாமே போடுகிற வண்டியில். 83-ன் முதுகில் 120-ன் எழுத்தை ஒட்டிவிட்டால் காணாமற்போன 37 குதிரைகளும் எந்த லாயத்திலிருந்து வரும்? என் லைனுக்காக ஸ்பிரிங் அமைப்பை இறுக்கினார்கள், ஸ்டீரிங்கைக் கனப்படுத்தினார்கள், புகைக்குழலின் குரலையும் மாற்றினார்கள். இவை எதுவும் பசையால் ஒட்டுகிற சமாசாரம் அல்ல.

எழுத்து அசலாகவே இருந்தாலும் போதாது என்பேன். என் லைனில் முதலில் என்6, என்8 என்று இரண்டு தினுசுகள். கிளட்ச் மிதி இல்லாமல் கையால் கியர் மாற்றுகிற ஐ.எம்.டி. இரண்டிலும் கிடைத்தது. இரட்டைக் கிளட்ச் தானியங்கி, அதாவது டி.சி.டி., என்8-இல் மட்டும். போஸ் ஒலிபெருக்கியும் 10.25 அங்குலத் திரையும் என்8-க்குத்தான். 2023-இல் ஐ.எம்.டி.யை எடுத்துவிட்டுச் சாதாரண ஆறு கியரைக் கொடுத்தார்கள். ஆக, ஒரே பெயரில் நான்கைந்து கார்கள். ஆரம்பத்தில் இவற்றின் ஷோரூம் விலை 9.84 லட்சத்திலிருந்து 11.75 லட்சம் வரை. கிட்டத்தட்ட 2 லட்ச ரூபாய் வித்தியாசம். பழைய கார்ச் சந்தையிலோ எல்லாமே 'டாப் எண்ட்'!

வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. சங்கதி இன்னும் வேடிக்கை. 2013-இல் அந்த எழுத்துக்கு அர்த்தம், 1.2 லிட்டர் நான்கு சிலிண்டரும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச்சும். 2020-க்குப் பிறகு அதே எழுத்துக்கு அர்த்தம், ஒரு லிட்டர் மூன்று சிலிண்டரும் ஆறு கியர் சாதாரணத் தானியங்கியும். எழுத்து மாறவில்லை; உள்ளே இருந்த யந்திரம் ஆளே மாறிவிட்டது. ஒரே இனிஷியல் உள்ள இரண்டு பேரில் யாருக்குப் பெண் கொடுக்கிறோம் என்று விசாரிக்காமல் இருப்போமா?

கியர் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறவர்கள் காலை ஒன்பது மணிக்குப் பாடியிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலையில் ஒருமுறை போய்வர வேண்டும். ஹூண்டாயின் இந்த டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச்சுகளும் எண்ணெயில் நனையாத உலர்ந்த ஜாதி. திறந்த சாலையில் வெண்ணெய் மாதிரி போகும். ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்கிற இடத்திலோ கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்கிறது, சூடு ஏறுகிறது. பெங்களூருக்கு வாரா வாரம் ஓடுகிறவனுக்கு நல்ல கார், தினம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஊர்கிறவனுக்கு நல்ல கார் ஆகிவிடாது. விலை அதிகமான தினுசு நமக்கு ஏற்ற தினுசு என்பது வெறும் ஜம்பம்.

வாங்குகிறவனை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் தர்மமல்ல. கம்பெனிகளையும் கேட்க வேண்டியிருக்கிறது. 'ஆப்ஷன்' என்றால் நானாகத் தேர்ந்தெடுப்பது என்று அர்த்தம். நம் நாட்டில் ஆப்ஷன் என்பது கல்யாணச் சாப்பாடு மாதிரி. இலையில் விழுவதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 2020-இல் ஐ20-க்கு ஆறு காற்றுப்பை வேண்டும் என்றால் உச்சியிலிருந்த அஸ்டா ஆப்ஷன் தினுசுக்குத்தான் போகவேண்டும். உயிர் வேண்டுமென்கிறவன் பாட்டுப் பெட்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டு என்றால் இது என்ன வியாபாரம்? 2023 செப்டம்பரில்தான் எல்லா ஐ20-க்கும் ஆறு பை கொடுத்தார்கள். ஆறு பையைக் கட்டாயமாக்குவோம் என்று சொல்லிக்கொண்டிருந்த சர்க்கார், அதே செப்டம்பரில் கட்டாயம் தேவையில்லை என்று விட்டுவிட்டது. அதற்கு முந்தைய கார்கள்தான் இன்று மைதானங்களில் நிற்கின்றன. எழுத்து வெளியே தெரிகிறது. பை தெரியாது. மோதும்போதுதான் தெரியும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கம்பெனி கொடுத்தது போதாதென்று, யந்திரத்தின் மூளையிலுள்ள கணக்கைத் திருத்தி டர்போவை அதிகமாக ஊதவைக்கிறவர்கள். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற சக்கரம் அது. கூடுதல் அழுத்தத்தை டர்போவும் கிளட்ச்சும் மௌனமாகத் தாங்கிக்கொள்ளும். விற்கும் சமயத்தில் பழைய கணக்கைத் திருப்பி எழுதிவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற தழும்பு ஏதுமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை ஒட்டி, தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. மூல அமைப்பு இன்னதென்றே வாங்குகிறவனுக்குத் தெரியாதபோது, முரண் எதுவென்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

ஜெர்மனியின் போர்ஷே 944 டர்போவைப் பாருங்கள். 1985 முதல் 1991 வரை செய்த கார். தொழிற்சாலையில் என்னென்ன பொருத்தினார்கள் என்பதை எண்களாக அச்சிட்டு, காரிலும் பராமரிப்புப் புத்தகத்திலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி அனுப்பினார்கள். 220 என்றிருந்தால் இரு பின்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கிற விசேஷ டிஃபரென்ஷியல். 030 என்றிருந்தால் பந்தயத்துக்கேற்ற ஸ்பிரிங் அமைப்பு. இன்றைக்கும் அந்தப் பழைய காரை வாங்குகிறவன் பளபளப்பை அப்புறம் பார்க்கிறான். காகிதத்தை முதலில் கேட்கிறான்.

நம்மிடமும் 17 எழுத்தில் ஒரு சேஸிஸ் எண் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைக் காருக்கு அது எம், ஏ, எல் என்று ஆரம்பிக்கும். பத்தாவது எழுத்து வருஷத்தைச் சொல்லும். 2021 என்றால் எம், 2022 என்றால் என், 2023 என்றால் பி. அந்த எண்ணைக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கொடுத்தால் காரின் ஜாதகமே கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆர்.சி.யிலும் பெரும்பாலும் தினுசின் பெயர் அச்சாகியிருக்கும். அதைப் படிக்கிறவர்தான் இல்லை. ஆனால், ஒவ்வொருவனும் மாமனைக் கூட்டிக்கொண்டு போய் மண்ணில் குந்தவேண்டும் என்பது நியாயமா? இந்த எண்ணில் இந்தத் தினுசு, இத்தனை காற்றுப்பை, இந்தக் கியர், பின்னால் இந்தப் பிரேக் என்று நாலு வரி அச்சடித்து, கார் கைமாறும் ஒவ்வொரு முறையும் வாங்குகிறவன் கையில் கொடுக்க என்ன கஷ்டம்? விளம்பரத்துக்கு முழுப் பக்கம் எடுக்கிறவர்களுக்குக் கால் பக்கக் காகிதத்துக்கா பஞ்சம்?