அம்மையப்பருக்குச் சாட்சி

இடையஞ்சாவடிக்குத் தெற்கே, புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டி, 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. சைவ ஆகம ஓலைச்சுவடிகளுக்குப் பெயர்பெற்ற இந்நிறுவனத்தார், 1956 முதல் ஊர்தோறும் சென்று ஆலயங்களைப் படமெடுத்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அப்படங்கள் ஊர், கோயில் வாரியாகப் பதியப்பெற்றுள்ளன.

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் திருக்கோயிலின் கோஷ்டத்தில் எழுந்தருளியிருந்த அர்த்தநாரீசுவரர் கற்றிருமேனி களவு போயிற்று. அவ்விடத்தில் வேறொரு சிலை நின்றமையால், வலம்வந்த அடியார்களுக்கு இழப்பே புலப்படவில்லை. 2004இல் சிட்னியிலுள்ள கலைக்கூடம் அத்திருமேனியை விலைக்கு வாங்கியது. அது 1970இலேயே தில்லிக் கடையொன்றில் விற்கப்பட்டதாக உடன்வந்த ரசீது கூறிற்று. 1974ஆம் ஆண்டின் புதுவைப் படத்திலோ அம்மையப்பர் தம் கோஷ்டத்திலேயே காட்சி தந்தார்! ரசீதின் பொய்மை வெளிப்பட வேறு சாட்சி வேண்டுமோ?

ஆலயத்தில் படமெடுத்தலை விரும்பாத பெரியோர் உண்டு. கருவறைக்கு அது தகும். கோஷ்டத்துத் திருமேனிக்கோ படமே காவலாயிற்று.

2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுதில்லியில் அத்திருமேனியைப் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். அன்று உடன் திரும்பியவர் ஸ்ரீபுரந்தான் நடராசப் பெருமான். அவர் திருவுருவப் படமும் அதே புதுவைத் தொகுப்பில் இருந்தது.