சஞ்சு வந்தாச்சு, ஜடேஜா போயாச்சு: இளைஞர்களை வாங்கினால் மட்டும் போதுமா சிஎஸ்கே?

வாளையார் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் பாலக்காடு, இந்தப் பக்கம் கோவை. இரண்டு பக்கமும் சிஎஸ்கே ரசிகர்கள் உண்டு. ஆனால் பாலக்காட்டு ரசிகருக்கு ஒரு சங்கடம் இருந்தது. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, தங்கள் ஊர் நாயகன் சஞ்சு சாம்சனை எதிரணியில் பார்க்க வேண்டும். 2025 நவம்பரில் அது தீர்ந்தது. ராஜஸ்தானிலிருந்து சஞ்சு சென்னைக்கு வந்தார். பதிலுக்கு ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள்.

அடுத்த மாதம் அபுதாபி ஏலத்தில் இன்னொரு அதிர்ச்சி. பிரசாந்த் வீர் (20), கார்த்திக் சர்மா (19) இருவரையும் தலா 14.20 கோடி ரூபாய்க்கு சிஎஸ்கே வாங்கியது. இருவரின் அடிப்படை விலை வெறும் 30 லட்சம். இந்தியாவுக்காக ஒரு போட்டிகூட ஆடாதவர்கள். அனுபவசாலிகளை நம்பியே கோப்பைகளைக் குவித்த அணிக்கு என்ன ஆச்சு?

ஏன் இந்தத் திடீர் மாற்றம்?

2025 சீசன்தான் காரணம். 14 போட்டிகளில் 4 வெற்றி, 10 தோல்வி. ஐந்து முறை சாம்பியனான சிஎஸ்கே முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. அந்த சீசனுக்கு முன் ருதுராஜ், ஜடேஜா, பதிரானா, துபே, தோனி என ஐந்து பேரைத் தக்கவைக்கவே 120 கோடியில் 65 கோடி போய்விட்டது. சீசனின் முதல் பாதியில் ராகுல் திரிபாதி, விஜய் சங்கர், தீபக் ஹூடா என்று பழகிய முகங்களுக்கே வாய்ப்பு கிடைத்தது. பலன் இல்லை.

இளைஞர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்?

இதைக் கொஞ்சம் கவனிங்க. திட்டம் போட்டு வரவில்லை, காயத்தால் வந்தார்கள். ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டதால் 17 வயது ஆயுஷ் மாத்ரேவுக்கு இடம் கிடைத்தது. பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 ரன் அடித்தார். குர்ஜப்னீத் சிங் விலகியதால் டெவால்ட் பிரேவிஸ் வந்தார், 6 போட்டிகளில் 225 ரன் எடுத்தார். அதாவது, திறமை வெளியே இருந்தது. கதவைத் திறந்தது விபத்து.

கோவை ஜெர்சியில் ஒரு பாடம்

வாளையார் தாண்டினால் வரும் கோவையின் பெயரில் டிஎன்பிஎல்லில் ஒரு அணி இருக்கு: லைகா கோவை கிங்ஸ். அதில் ஆடிய சென்னைப் பையன் சாய் சுதர்சனை 2022ல் குஜராத் 20 லட்சத்துக்கு வாங்கியது. முதல் சீசனில் 5 போட்டி, அடுத்து 8, பிறகு 12. 2023 இறுதிப்போட்டியில் சிஎஸ்கேவுக்கு எதிராகவே 96 ரன் அடித்தார். 2025ல் 759 ரன்களுடன் ஆரஞ்சு கேப் அவருக்கு. ஒரே இரவில் நடந்ததில்லை இது. நான்கு வருடம், ஒரே அணி, படிப்படியாகக் கூடிய பொறுப்பு.

அப்படியென்றால் நிலைத்தன்மை என்பது என்ன?

அதே ஆட்களை வைத்திருப்பது நிலைத்தன்மை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது, தோற்றாலும் உனக்கு நேரம் உண்டு என்ற உறுதி. ஆபீஸில் பெரிய சம்பளத்துக்கு எடுத்த புதியவரை முதல் குவார்ட்டரிலேயே ஓரங்கட்டினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

சிஎஸ்கேவுக்கு இது தெரியாத விஷயமில்லை. 2020ல் ருதுராஜின் முதல் மூன்று இன்னிங்ஸ் 0, 5, 0. மறுபடியும் வாய்ப்பு கொடுத்தார்கள், அடுத்த மூன்றிலும் அரைசதம். அடுத்த வருடம் ஆரஞ்சு கேப், கோப்பை இரண்டும் வந்தன.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கு. மெகா ஏலம் வந்தால் அணி கலைந்துவிடும். 2025க்கு முன் அதிகபட்சம் 6 பேரைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. நீங்கள் வளர்த்தவர் இன்னொரு அணிக்கு ஆடலாம். பொறுமைக்கு அவகாசம் குறைவு. 14.20 கோடி என்ற விலையோ முதல் தோல்வியிலேயே ரசிகர்களைக் கணக்குக் கேட்க வைக்கும்.

2026ல் எதைக் கவனிக்க வேண்டும்?

பிரசாந்த், கார்த்திக் அடிக்கும் சிக்ஸர்களைவிட, அவர்கள் தொடர்ந்து மூன்று போட்டிகளில் சொதப்பினால் நான்காவது போட்டியில் களத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், சிஎஸ்கே மாறிவிட்டது என்று நம்பலாம். இல்லையென்றால், வயதைக் குறைத்ததைத் தவிர வேறெதுவும் மாறவில்லை, அவ்ளோதான்.