பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த எதிரி

பாபநாசம் என்றதும் கமல் படம் ஞாபகம் வந்தால், அது வேற பாபநாசம், நெல்லைப் பக்கம். இது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், வயல்களுக்கு மத்தியில் இருக்கும் ஊர். 2000-களில் இங்கே படித்த பசங்களில் பலருக்கு வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கும்பகோணத்துக்கு பஸ் ஏறி, பிரவுசிங் சென்டரில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, வரிசையாக உட்கார்ந்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிய அந்தப் பசங்க இப்போது நாற்பதைத் தொடுகிறார்கள்.

"இப்ப வர்றதெல்லாம் ஒரு கேமா?" என்று அவர்கள் ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். அதில் பாதி வயசுக் கோளாறு :) மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது.

1999-ல் ஹாஃப் லைஃப் விளையாட்டை மாற்றி ரசிகர்கள் செய்ததுதான் கவுன்டர் ஸ்ட்ரைக். அடுத்த வருஷம் வால்வ் கம்பெனி அதைக் கடைக்குக் கொண்டு வந்தது. ஆட இன்டர்நெட்டே வேண்டாம். ஒருத்தன் கேமைத் தொடங்கினால், அதே அறையில் கேபிளில் இணைந்த மற்ற கம்ப்யூட்டர்களில் அது தெரியும். அவ்வளவுதான். கையில் 800 டாலர், ஏகே-47 விலையோ 2500. காசு சேர்ந்த நண்பன் ஒன்று வாங்கிக் கீழே போட்டால் உண்டு. (காமர்ஸ் கிளாஸுக்கு முன்னாடியே பட்ஜெட் போடக் கற்றுக்கொடுத்தது இதுதான்!) செத்தவன் அடுத்த ரவுண்டு வரை சும்மா இருக்கணும். இருப்பானா? பக்கத்து மானிட்டரை எட்டிப் பார்த்து, "டேய், பெட்டிக்குப் பின்னாடி இருக்கான்டா" என்று கத்துவான். உடனே நிஜச் சண்டை. ஆனால் எல்லோரும் ஒரே பஸ்ஸில்தானே ஊர் திரும்பணும்? தாராசுரம் தாண்டுவதற்குள் கோபம் போய்விடும்.

இந்த எதிரியைத்தான் கம்பெனிகள் எடுத்துவிட்டன. 2010-ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2-ல் லேன் வசதியே கிடையாது. திருட்டு காப்பியைத் தடுக்கத்தான் என்றார்கள். நியாயமான பயம்தான், பல சென்டர்களில் ஓடியது திருட்டு காப்பி என்பது ஊருக்கே தெரியும். ஆனால் காசு கொடுத்து வாங்கியவனும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆட கம்பெனி சர்வரைத்தான் நம்பணும் என்பது அநியாயம். 2014-ல் கேம்ஸ்பை சேவையை மூடியபோது அதை நம்பியிருந்த பல விளையாட்டுகளின் ஆன்லைன் ஆட்டம் ஒரேயடியாகப் போனது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை, அக்டோபர் 30-ஓடு இங்கே சர்வரும் நின்றது. மாதக்கணக்கில் கூடி ஆடிய கும்பல்கள் ஒரே நாளில் கலைந்தன.

கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6-ஐ இன்றைக்கும் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கேபிள் இருந்தால் ஆடலாம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிற அண்ணன்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பார்கள்.